நாற்றங்காலில் பிறந்த கருத்தரங்கம்

'செமினார்' என்ற சொல்லின் வேரைத் தேடிப் போகிறவர் கடைசியில் வயல் வரப்பில் போய் நிற்பார். லத்தீனில் 'செமென்' என்றால் விதை. 'செமினாரியம்' என்றால் விதை தூவி நாற்று வளர்க்கும் இடம். நம் ஊரில் அதற்கு நாற்றங்கால் என்று பெயர். பாதிரிமாரைப் பயிற்றுவிக்கும் மடத்துக்கு ஐரோப்பியர் முதலில் இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் மாணவர் கூடிப் படிக்கும் சிறு வகுப்புக்கும் வைத்தார்கள். கடல் தாண்டி நம்மிடம் வந்தபோது அது கருத்தரங்கம் ஆயிற்று. நாற்றங்கால் இருந்த இடத்தில் அரங்கம் எழுந்தது.

மொழிபெயர்த்தவரைக் குறை சொல்வதற்கில்லை. நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, தொல்காப்பியம் அரங்கேறியதாக அதன் பாயிரம் சொல்கிறது. மணிமேகலை காட்டும் புகார் நகரத்தில் சமயவாதிகள் ஏறி வாதிடப் பட்டிமண்டபம் இருந்தது. கற்றதை அவையேற்றிச் சொல்வது நமக்குப் பழகிய வழி. ஆனாலும் அந்த ஒரு சொல் மாறியதில் ஏதோ ஒன்று நழுவிவிட்டது. ஆய்வு மாணவர்கள் தாங்களே கூட்டி, தாங்களே கட்டுரை வாசித்து, தாங்களே கேள்வி கேட்டுக்கொள்ளும் மாநாடு எப்படிப் பிறந்தது என்று பார்த்தால், நழுவியது எது என்று புரியும்.

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த இரண்டு வழிகள் இருந்தன. ஆசிரியர் நூலை வாசித்து விளக்குவார், மாணவர் கேட்டு எழுதிக்கொள்வார், இது ஒன்று. குறித்த நாளில் சபை கூடி, ஒரு கருத்தை ஒருவர் நிலைநாட்ட மற்றவர் மறுப்பது இன்னொன்று. இந்த வாதப்போர் முழுக்க லத்தீனில் நடந்தது. பிற்காலத்து ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் ஒரு வேடிக்கையும் இருந்தது. வாதத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆய்வுரையைப் பல சமயங்களில் தலைமை தாங்கும் பேராசிரியரே எழுதியிருப்பார். மாணவரின் வேலை அதைத் தாங்கிப் பேசுவது. அச்சில் இரண்டு பேர் பெயரும் வரும். அவற்றில் எது யார் எழுதியது என்று நூலகர்கள் இன்றும் தலையைச் சொறிகிறார்கள். மாணவரின் நாவன்மை அங்கே சோதிக்கப்பட்டது. அவர் புதிதாக எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த நிலத்தில் முதல் பாத்தி கட்டியவர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் யோகான் மத்தியாஸ் கெஸ்னர். அந்தப் பல்கலைக்கழகம் 1737-இல் திறக்கப்பட்டது. ஹனோவரை ஆண்டுகொண்டே இங்கிலாந்துக்கும் அரசராக இருந்த இரண்டாம் ஜார்ஜின் பெயரில் அது இயங்கியது. கிரேக்க, லத்தீன் இலக்கியப் பேராசிரியரான கெஸ்னர் தொடக்கத்திலேயே ஒரு மொழியியல் செமினாரை நிறுவினார். நோக்கம் எளியது: பள்ளிகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். பாதிரியார் வேலை கிடைக்கும்வரை காலம் தள்ள வாத்தியார் வேலைக்கு வருகிறவர்களை வைத்துக்கொண்டு மொழி கற்பிக்க முடியாது. ஆகவே சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, ஒரு சிறு குழுவாக உட்காரவைத்துப் பயிற்சி தந்தார். மூலநூலின் பகுதியை மாணவர் எடுத்து விளக்க வேண்டும், ஆசிரியர் திருத்துவார்.

வாத்தியார்களுக்காகப் போட்ட நாற்றங்காலில் அறிஞர்கள் முளைத்தார்கள். கெஸ்னருக்குப் பின் வந்த ஹெய்ன அதை ஆராய்ச்சிப் பக்கம் திருப்பினார். ஹெய்னவிடம் படிக்க வந்தவர் ஃப்ரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப். 1777-இல் சேர்க்கைப் பதிவின்போது, மொழியியல் என்று தனியாக ஒரு படிப்பே கிடையாது, இறையியலில் சேர் என்று சொன்னார்களாம். வோல்ஃப் பிடிவாதமாக 'மொழியியல் மாணவன்' என்றே பதிந்துகொண்டாராம். அத்துறையினர் விரும்பிச் சொல்லும் கதை இது. பத்தாண்டு கழித்து, 1787-இல், ஹாலே நகரில் அவரே ஒரு செமினாரைத் தொடங்கினார். பாதிரியார் ஆகப் போகிறவனுக்கு அங்கே இடமில்லை. பழைய நூல்களே வாழ்க்கை என்று வருகிறவனுக்குத்தான் இடம். ஹோமர் பெயரில் வழங்கும் காவியங்கள் ஒரே கவிஞர் ஒரே மூச்சில் எழுதியவை அல்ல, வாய்மொழியாக வழங்கிப் பிற்பாடு கோக்கப்பட்டவை என்று ஐரோப்பாவை உலுக்கிய நூலை அவர் 1795-இல் வெளியிட்டார். பாடபேதங்களை வைத்து ஒரு பழைய நூலின் வரலாற்றைத் துருவும் அந்த வேலையைத்தான் தன் மாணவருக்கும் பழக்கினார்.

1806-இல் நெப்போலியன் படை ஹாலேவுக்குள் நுழைந்து பல்கலைக்கழகத்தை மூடியது. வோல்ஃப் பெர்லினுக்குப் போனார். அங்கே வில்ஹெல்ம் ஃபான் ஹம்போல்ட்டின் திட்டப்படி 1810-இல் புதிய பல்கலைக்கழகம் எழுந்தது. வோல்ஃபின் மாணவர் ஆகஸ்ட் போக் 1812-இல் அங்கே மொழியியல் செமினாரை அமைத்தார். இதற்குள் வழக்கம் நன்றாக உருப்பெற்றுவிட்டது. மாணவர் கட்டுரையை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். சக மாணவர் அதைப் படித்துக் குறை எழுதி வருவார். பிறகு அனைவர் முன்னிலையிலும் இருவரும் மோதுவார்கள். பேராசிரியர் கடைசியில்தான் வாய் திறப்பார். இன்றைய கருத்தரங்கின் உறுப்புகள் இங்கே ஏறக்குறைய அத்தனையும் வந்துவிட்டன: எழுதிய கட்டுரை, எதிருரை, கலந்துரையாடல்.

வரலாற்றுத் துறைக்கு இதைக் கொண்டுவந்தவர் லியோபோல்ட் ஃபான் ராங்கெ. பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1824-இல் முதல் நூலை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில், இத்தாலிய வரலாற்றுக்கு அதுவரை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய குய்ச்சார்தினி எங்கெங்கே பிறர் எழுதியதை எடுத்தாண்டார் என்று பிரித்துக் காட்டியிருந்தார். அந்தப் பின்னிணைப்புதான் 1825-இல் அவரை பெர்லினுக்கு இழுத்துவந்தது. மேடையில் அவர் சோபித்ததில்லை. குள்ளமான உருவம், விழுங்கி விழுங்கிப் பேசும் பேச்சு, வாக்கியத்தின் பாதி யாருக்கும் கேட்காது என்று கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே மனிதர் சில மாணவர்களை வீட்டுக்கு அழைத்து, பழைய ஆவணங்களை மேசையில் பரப்பிவைத்து உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவார். இந்தச் செய்தியை எழுதியவர் நேரில் பார்த்தாரா? பார்த்தவரிடம் கேட்டாரா? அல்லது நூறாண்டு கழித்து இன்னொரு நூலைப் பார்த்து எழுதினாரா? மேசையைச் சுற்றி இதுதான் விளையாட்டு.

அந்த மேசையின் விளைச்சல் சீக்கிரமே வெளியே தெரிந்தது. பத்தாம் நூற்றாண்டு மன்னர் முதலாம் ஹென்றியைப் பற்றி பெர்லின் பல்கலைக்கழகம் ஒரு பரிசுப் போட்டி வைத்தது. ராங்கெயின் மாணவர் கியோர்க் வைட்ஸ் வென்றார். அந்தக் கட்டுரையை மையமாக வைத்து, சாக்சன் மரபு மன்னர்களின் ஆண்டு வரலாற்றை மாணவர்களே ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு எழுதினார்கள். 1837 முதல் அது தொகுதி தொகுதியாக வந்தது. மாணவர்கள் சேர்ந்து எழுதி வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு! நம் கல்லூரிகளில் கருத்தரங்கு முடிந்ததும் கையில் கொடுக்கும் கட்டுரைத் தொகுப்புக்கு இதைப் பாட்டன் என்று சொல்லலாம். பேரன் பாட்டனைப் போலவே இருக்கிறானா என்பது வேறு கேள்வி.

வைட்ஸ் கோட்டிங்கன் போய்த் தன் மேசையைப் போட்டார். அவரிடம் படித்த பிரெஞ்சுக்காரர் கப்ரியேல் மோனோ பாரிஸ் திரும்பி, 1868-இல் தொடங்கிய உயராய்வுப் பள்ளியில் அதே முறையைக் கையாண்டார். ஜெர்மனிக்குப் படிக்கப் போன அமெரிக்க இளைஞர்களும் ஊர் திரும்பும்போது பெட்டியில் பட்டத்தையும் மனத்தில் அந்த மேசையையும் கொண்டுபோனார்கள். புத்தகங்களும் கப்பலேறின. ஹைடல்பர்க் பேராசிரியர் புளுன்ட்ஷ்லி இறந்ததும் அவருடைய நூலகத்தை பால்டிமோர் நகரத்து ஜெர்மானியர் வாங்கி, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். ராங்கெ 1886-இல் இறந்தபின் அவருடைய நூலகம் நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் போய்ச் சேர்ந்தது.

ஆய்வு மாணவர் என்ற பிறவிக்கு அமெரிக்காவில் முழு உருவம் கொடுத்தது அந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ்தான். 1876-இல் தொடங்கியபோதே அதன் தலைவர் டேனியல் காய்ட் கில்மன் ஆராய்ச்சிக்கு முதலிடம் என்று அறிவித்துவிட்டார். ஹைடல்பர்கில் புளுன்ட்ஷ்லியிடம் முனைவர் பட்டம் வாங்கிவந்த ஹெர்பர்ட் பாக்ஸ்டர் ஆடம்ஸ் அங்கே வரலாற்று, அரசியல் செமினாரை நடத்தினார். ஆசானின் நூல்கள் அடுக்கிய அறை, நடுவில் நீண்ட மேசை, வாரம் ஒரு மாலை. புத்தகங்களைக் கனிமத் துண்டுகளைப் போலக் கைமாற்றிக் கைமாற்றிச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடம் இது என்பது ஆடம்ஸின் விளக்கம். சட்டம் படித்து வக்கீல் தொழிலில் சலித்துப்போய் வந்த ஒரு மாணவர், அமெரிக்க நாடாளுமன்றம் உண்மையில் எப்படி நடக்கிறது என்பது பற்றி எழுதிய பகுதிகளை இந்த மேசையில்தான் வாசித்துக் காட்டினார். 1885-இல் அது நூலாயிற்று. அந்த மாணவர் பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான உட்ரோ வில்சன்.

இன்னொரு மாணவரின் கதைதான் இந்தப் பிறப்பின் நடு நரம்பு. ஆடம்ஸுக்கு ஒரு கொள்கை இருந்தது. நியூ இங்கிலாந்து ஊர்களின் மன்றங்கள், நிர்வாகம் எல்லாம் பழைய ஜெர்மானியக் காடுகளில் தோன்றிய விதைகள். அவை இங்கிலாந்து வழியாக வந்து அமெரிக்க மண்ணில் முளைத்தன என்பது அது. விஸ்கான்சினிலிருந்து வந்து அந்த மேசையில் உட்கார்ந்தவர் ஃப்ரெடரிக் ஜாக்சன் டர்னர். தன் மாநிலத்து மென்மயிர்த் தோல் வணிகத்தைப் பற்றி ஆய்வு செய்து 1890-இல் பட்டம் வாங்கினார். விதை எங்கிருந்து வந்தது என்று ஆசான் கேட்க, விழுந்த மண் அதை என்ன செய்தது என்று மாணவர் யோசித்தார். 1893 ஜூலையில் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி வரலாற்றாளர்கள் கூடினார்கள். 31 வயது டர்னர் அங்கே ஒரு கட்டுரை வாசித்தார். மேற்கே நகர்ந்துகொண்டே போன குடியேற்ற எல்லைதான் அமெரிக்கரை அமெரிக்கர் ஆக்கியது என்பது அதன் சாரம். அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின் வந்த ஐம்பது ஆண்டுகள் அமெரிக்க வரலாற்றாளர்கள் அதை ஏற்றோ மறுத்தோதான் எழுத வேண்டியிருந்தது.

இங்கேதான் செமினாருக்கும் மாநாட்டுக்கும் இடையிலான உறவு தெரிகிறது. நாற்றங்காலிலேயே விட்டுவைத்த நாற்று கதிர் வைக்காது. நெருக்கமாக வளர்ந்ததைப் பறித்து, முடி கட்டி, வேறு வயலில் இடைவெளி விட்டு நட வேண்டும். ஆசிரியரின் மேசை நாற்றங்கால் என்றால், வெளியூர்க் கூட்டத்தில் போய், தன் ஆசிரியரை ஆசிரியராகக் கொள்ளாதவர் முன் நின்று வாசிப்பது நடவு. அதனால்தான் ஒன்று பிறந்த கையோடு இன்னொன்றும் பிறந்தது. அமெரிக்க நவீன மொழிகள் சங்கம் 1883-இலும், வரலாற்றுச் சங்கம் 1884-இல் சாரடோகாவிலும் தொடங்கின. வரலாற்றுச் சங்கத்தைக் கூட்ட முன்னின்றவரும் அதன் முதல் செயலாளரும் அதே ஆடம்ஸ்தான். தன்னிடம் படித்துப் பல ஊர்க் கல்லூரிகளுக்குச் சிதறிய மாணவர்கள் ஆண்டுக்கொருமுறை கூட ஓர் இடம் வேண்டியிருந்தது.

அந்த மேசையைச் சுற்றி எல்லாருக்கும் நாற்காலி கிடைத்துவிடவில்லை. எம். கேரி தாமஸ் என்ற பெண்ணை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1877-இல் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஆண்கள் இருக்கும் வகுப்பில் உட்கார விடவில்லை. பேராசிரியரைத் தனியே பார்த்துச் சந்தேகம் கேட்கலாம், அவ்வளவுதான். செமினாரில் உட்காராமல் ஆராய்ச்சி படிப்பது நீரில் இறங்காமல் நீச்சல் படிப்பது போன்றது. ஓராண்டில் விலகிவிட்டார். கடல் கடந்து லைப்சிக் போனார். கோட்டிங்கன் அவருக்குப் பட்டம் தர மறுத்தது. கடைசியில் 1882-இல் சூரிக் உயர்ந்த தகுதியுடன் முனைவர் பட்டம் கொடுத்தது. ஊர் திரும்பி பிரின் மார் மகளிர் கல்லூரியின் புல முதல்வர் ஆனார். 1885-இல் திறந்த அக்கல்லூரி பெண்களுக்கு முனைவர் பட்டம்வரை படிக்க வழி செய்தது. அங்கே முதல் வேலைக்கு வந்த ஆசிரியர்களில் ஒருவர், தாமஸுக்குக் கிடைக்காத மேசையில் உட்கார்ந்துவிட்டு வந்த உட்ரோ வில்சன். ஹாப்கின்ஸ் முதுநிலைப் படிப்பைப் பெண்களுக்கு முறையாகத் திறந்தது 1907-இல். நாற்காலி கிடைத்தும் பட்டம் தவறியவரும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் 1892 முதல் 1894 வரை பெர்லினில் பொருளியல் பேராசிரியர் ஷ்மோலரின் செமினாரில் உட்கார்ந்தார். படிப்புக்குக் கொடுத்துவந்த நிதி நின்றுபோனதால் அங்கே பட்டம் வாங்க முடியாமல் திரும்பி, 1895-இல் ஹார்வர்டில் வாங்கினார்.

இருபதாம் நூற்றாண்டில் சங்க மாநாடுகள் ஊதிப் பெருத்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகங்கள் விரிந்தன. மாநாடுகள் நகரத்து ஓட்டல்களை நிரப்பின. டிசம்பர், ஜனவரிக் கூட்டம் என்றால் வேலைக்கு நேர்காணல் நடக்கும் சந்தை என்று ஆயிற்று. மாணவர் மறுபடி பின்வரிசைக்குப் போனார். 1970-களில் மொழி, வரலாறு, தத்துவத் துறைகளில் வேலை அருகியது. பட்டம் வாங்கும் முன்பே பேர் சொல்ல இரண்டு கட்டுரையாவது வாசித்திருக்க வேண்டும் என்ற நெருக்கடி வந்தது. பெரிய மாநாட்டில் இடமில்லை, இருந்தாலும் நடுக்கம். அப்படியானால் நாமே கூட்டுவோம் என்று துறை துறையாக மாணவர்கள் இறங்கினார்கள். ஆய்வு மாணவர் மாநாடு இப்படித்தான் தனி வடிவம் எடுத்தது.

அதன் நடைமுறையைப் பார்த்தால் பழைய மேசை தெரியும். ஏற்பாட்டுக் குழு முழுக்க மாணவர்கள். கட்டுரைக்கு அழைப்பு விடுவார்கள். 250, 300 சொல்லில் சுருக்கம் கேட்பார்கள். பெயரை மறைத்துவைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஓர் அமர்வுக்கு மூன்று கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், மீதி அரை மணி கேள்விக்கு. ஒரு பேராசிரியர் மூன்றையும் முன்பே படித்துவந்து எதிருரை சொல்வார். வெளியூரிலிருந்து ஓர் அறிஞரைச் சிறப்புரைக்கு அழைப்பார்கள். வந்தவர்களுக்கு விடுதிச் செலவு மிச்சம். உள்ளூர் மாணவர் அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளலாம்.

இடைக்கால ஆய்வுத் துறையில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ ஊரில் 1962-இல் தொடங்கிய மாநாடு இன்று ஆண்டுதோறும் மே மாதம் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டும் திருவிழா. 2002-இல் ஹார்வர்டில் சில மாணவர்கள் இன்னொன்றைத் தொடங்கினார்கள். மாணவர்களே நடத்துவது, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பல்கலைக்கழகம், மாணவர் பணப்பைக்கு எட்டும் செலவு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வகாண்டெஸ்'. ஊர் ஊராக ஆசான் தேடி அலைந்த இடைக்கால மாணவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போகிறவர்கள்.

தமிழ் ஆய்வுலகிலும் மாநாடு, செமினார் என்ற இரண்டு சொற்களும் ஒரே பெயரில் சேர்ந்த தருணம் ஒன்று உண்டு. 1964 ஜனவரியில் டெல்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு நடந்தபோது, தனிநாயக அடிகள் முதலானோர் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் பிறந்தது. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த அதன் முதல் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயர் 'கான்ஃபரன்ஸ்-செமினார்'. நடவும் நாற்றங்காலும் சேர்ந்த பெயர். இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னைக்கு வந்தது. ஆய்வரங்குகள் நடந்தன. ஆனால் மக்கள் மனத்தில் நின்றது ஊர்வலமும் கடற்கரையில் எழுந்த சிலைகளும்தான். அதில் தவறொன்றுமில்லை, மொழிக்குத் திருவிழாவும் வேண்டும். ஆனால் மேடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மேசை சின்னதாகத் தெரியத் தொடங்கியது.

இன்று நம் கல்லூரிக் கருத்தரங்குகளுக்குப் போகிறவருக்கு நிகழ்ச்சி நிரலை வாசிக்காமலே சொல்லத் தெரியும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் மூன்று, பொன்னாடை, நினைவுப்பரிசு, தொகுப்பு வெளியீடு. வெளிச்சமும் ஒலிபெருக்கியும் நிறைந்த மன்றத்தில் இது மதியம்வரை நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு வகுப்பறைகளில் இணை அமர்வுகள். பட்டியலில் முப்பது பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம். முடிவுரையை மட்டும் படியுங்கள் என்பார் அமர்வுத் தலைவர். படித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகள், ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. ஆசிரியர் பதவி உயர்வுக்கும் புள்ளிக் கணக்கு இருந்தது. கணக்கு வந்ததும் கருத்தரங்குகள் பெருகின, கேள்விகள் குறைந்தன. 2022 விதிகள் மாணவருக்கான அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசான் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் வருவது கால் பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு தானே பிறருக்கு எடுத்து உரைப்பதில் வரும். கெஸ்னருக்கு ஐந்நூறு ஆண்டு முன்பே எழுதிய கணக்கு. முக்கால் பங்குக் கல்வி ஆசான் எதிரே உட்கார்ந்திராதபோது நடக்கிறது என்று ஓர் ஆசான் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த முக்கால் பங்கு இன்றும் எங்கேயோ நடந்துகொண்டுதான் இருக்கிறது. நேரமில்லை, கேள்விகளைத் தேநீர் இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம் என்று அமர்வுத் தலைவர் எழுந்ததும், வராந்தாவில் போட்ட மேசைக்கு எல்லாரும் போவார்கள். காகிதக் கோப்பையும் மைசூர்பாகும் கையில் இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர், சற்றுமுன் வாசித்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்பார்: "நீங்க சொன்ன அந்தக் கல்வெட்டுப் படிய நேர்ல பாத்தீங்களா, இல்ல புத்தகத்துல இருந்து எடுத்தீங்களா?" அந்தப் பெண் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் பையிலிருந்து படியை எடுப்பார். ஆறப்போகும் தேநீரைச் சுற்றி நான்கு தலைகள் குனியும். உள்ளே ஒலிபெருக்கி நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.